திரும்பி வராதவர்களின் பட்டியல்

ஈரோட்டிலிருந்து கொடுமுடி போகும் சாலையில் நானும் என் மனைவியும் ஒரு மரச்செக்கு நடத்தி வருகிறோம். அதற்கு முன் பதினான்கு ஆண்டுகள் ஒரு நூற்பாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். 2017ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் செக்கு ஓடத் தொடங்கியபோது, சேமிப்பில் பெரும்பகுதி வாகை மரச் செக்குக்கும் மோட்டாருக்கும் கடை முன்பணத்துக்கும் போய்விட்டிருந்தது. சிவகிரியில் எள்ளும் அவல்பூந்துறையில் கொப்பரையும் ஒரு மாதத்துக்கு வாங்கிப் போட்ட பிறகு விளம்பரத்துக்கென்று மிஞ்சியது இருபத்தைந்தாயிரம் ரூபாய். அந்தப் பணம் மூன்றே வாரத்தில் தீர்ந்தது. அதன் பிறகு ஏறக்குறையக் காசு செலவில்லாமல்தான் எங்கள் தொழில் வளர்ந்தது என்பதால், அது எப்படி நடந்தது என்பதை எங்களைப் போல் சிறு முதலுடன் தொடங்குகிறவர்களுக்காக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஐயாயிரம் நோட்டீஸ் அச்சடித்துக் காலைச் செய்தித்தாளுக்குள் வைத்துக் கொடுக்கச் சொன்னேன். ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி நான்கு நாள் சுற்றவிட்டேன். சாலை முனையில் இரண்டு பிளெக்ஸ் வைத்தேன். உள்ளூர் கேபிளில் படத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. திறந்த முதல் வாரம் கூட்டம் நன்றாகவே வந்தது. தீபாவளி நெருங்க நெருங்கக் கூட்டம் கூடும் என்று நம்பியிருந்த நேரத்தில், ஒரு நாளைக்கு நான்கு பேர், ஐந்து பேர் என்று மெலிந்துவிட்டது. இன்னும் பத்தாயிரம் ரூபாய் கடன் வாங்கி மறுபடியும் நோட்டீஸ் போடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கடனிலிருந்து எங்களைக் காப்பாற்றியது பழைய வேலையின் பழக்கம்தான். ஆலையில் மாதக் கடைசியில் கணக்கை நேர் செய்யாமல் நான் வீட்டுக்குப் போனதில்லை. அப்படி ஒரு நாள் இரவு பில் புத்தகங்களை எடுத்து, பெயரும் கைபேசி எண்ணும் எழுதியிருந்தவர்களை ஒரு நோட்டில் அகர வரிசையில் எழுதினேன். முதல் மூன்று மாதங்களில் 212 பேர் எங்களிடம் எண்ணெய் வாங்கியிருந்தார்கள். அவர்களில் இரண்டாவது முறை வந்தவர்கள் 47 பேர். ஆட்கள் வரவில்லை என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் 165 பேர் வந்து, காசு கொடுத்து வாங்கி, ஒரு முறை சமைத்துப் பார்த்துவிட்டு நின்றுபோயிருந்தார்கள். ஒரு வீட்டில் மாதத்துக்கு இரண்டு லிட்டராவது எண்ணெய் செலவாகும் என்கிறபோது, மறுபடி வராமலே இருப்பவர் வேறு எங்கோ வாங்குகிறார் என்றுதான் பொருள். ஏன் என்பதை அவரைத் தவிர யாராலும் சொல்ல முடியாது.

தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. என் மனைவிக்கு அந்தக் கூச்சம் இல்லை. பகல் சமையல் முடிந்து பெண்கள் சற்று ஓய்ந்திருக்கும் மூன்று மணிக்கு மேல், ஒரு நாளைக்குப் பத்துப் பேர் என்று அவர் பேசத் தொடங்கினார். மறுபடி வாங்குங்கள் என்று யாரிடமும் கேட்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம். எண்ணெய் எப்படி இருந்தது, குறை ஏதும் உண்டா என்ற இரண்டு கேள்விகள் மட்டும்தான். பெரும்பாலானவர்கள் கேட்டதற்காகவே மகிழ்ந்து மனம்விட்டுப் பேசினார்கள்.

மூன்றாம் நாள் பேசிய ஒரு மூதாட்டியின் பதிலை என் மனைவி அப்படியே நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். “ஏங்கண்ணு, எண்ணெ வாசமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. பலகாரம் சுடறப்பத்தான் பொங்கிப் பொங்கி அடுப்பு மேலெல்லாம் வழியுது. என்னத்தக் கலந்தாங்களோன்னு பயந்துக்கிட்டு அப்படியே மூடி வெச்சுட்டேன்.” அந்த வாரத்திலேயே இன்னும் பதினொரு பேர் இதையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள்.

தவறு எங்களுடையதுதான். செக்கிலிருந்து இறங்கிய கடலை எண்ணெயை வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி, வெள்ளைத் துணி கட்டி, மூன்று நான்கு நாளாவது வெயிலில் வைக்க வேண்டும். அப்போதுதான் ஈரம் வற்றிக் கசடு அடியில் தங்கும். திறந்த புதிதில் கூட்டத்தைப் பார்த்த ஆசையில், ஒரு நாள் வெயில் காட்டியதுமே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டோம். இன்னொரு காரணமும் உண்டு. சுத்திகரிப்பு ஆலைகளில் எண்ணெயிலுள்ள பிசின் போன்ற பொருள்களை நீக்கிவிடுகிறார்கள். செக்கு எண்ணெயில் அவை ஓரளவு தங்கியிருப்பதால், நன்றாகத் தெளியவைத்தாலும் அது கொஞ்சம் கூடுதலாக நுரைக்கும். பாக்கெட் எண்ணெயிலேயே இருபது ஆண்டுகள் சமைத்துப் பழகிய கைக்கு அந்த நுரை கலப்படமாகத்தான் தெரியும். இதை நாங்கள் யாருக்கும் சொல்லவே இல்லை. ஐயாயிரம் நோட்டீஸில் பாரம்பரியம் என்ற சொல் நான்கு இடத்தில் இருந்தது. எண்ணெய் நுரைக்கும், அகலமான வாணலியில் பாதிக்கும் குறைவாக ஊற்றி மிதமான தீயில் காய வையுங்கள் என்ற ஒரு வரி எங்கும் இல்லை.

ஐந்து நாள் வெயில் காய்ந்த எண்ணெய் ஒரு லிட்டரை எடுத்துக்கொண்டு அந்த மூதாட்டியின் வீட்டுக்கு இருவரும் போனோம். அவர் அன்று கச்சாயம் என்ற இனிப்புப் பலகாரத்துக்கு மாவு கலந்து வைத்திருந்தார். பழைய பாட்டிலையும் எங்கள் முன்னால் திறந்தார். அடியில் விரற்கடை உயரத்துக்குக் கசடு படிந்திருந்தது. புதிய எண்ணெயை வாணலியில் ஊற்றிச் சிறு தீயில் காயவைத்து முதல் கரண்டி மாவை விட்டபோது, ஓரத்தில் சிறு நுரை எழுந்து, கச்சாயம் உப்பி மேலே வருவதற்குள் அடங்கிவிட்டது. அவர் எதுவும் பேசாமல் அடுத்த கரண்டியை விட்டார். நாங்கள் கிளம்பும்போது எங்கள் கையில் பத்துக் கச்சாயமும், அடுத்த தெருவில் இருந்த அவர் மகள் வீட்டு முகவரியும் இருந்தன. அன்றிலிருந்து ஐந்து நாள் வெயில் காயாத எண்ணெயைப் பாட்டிலில் ஊற்றுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். ஐப்பசி அடைமழையில் எண்ணெய் இல்லை என்று வாசலில் எழுதிப் போட்ட நாள்களும் உண்டு. உள்ளங்கை அளவு துண்டுச்சீட்டில் நுரை பற்றிய விளக்கத்தை அச்சிட்டு ஒவ்வொரு பாட்டிலின் கழுத்திலும் கட்டினோம். ஆயிரம் சீட்டுக்கு அன்று ஆன செலவு நானூறு ரூபாய்.

மற்றவர்கள் சொன்ன காரணங்களும் எங்களால் தீர்க்கக் கூடியவையாகவே இருந்தன. தனியாக இருக்கும் முதியவர்கள் அரை லிட்டர் பாட்டில் கேட்டார்கள்; வாங்கி வைத்தோம். புளியமரத்துக்குப் பின்னால் கடை மறைந்திருப்பதால் இரண்டாவது முறை வழி தெரியாமல் திரும்பிப் போனதாகச் சிலர் சொன்னார்கள். கூகுள் வரைபடத்தில் கடையைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் எதுவும் இல்லை என்பது அதுவரை எனக்குத் தெரியாது. விண்ணப்பித்த சில வாரங்களில் ரகசிய எண் அச்சிட்ட அஞ்சலட்டை வந்தது. அதைப் பதிந்ததும் கடை வரைபடத்தில் ஏறிவிட்டது. புளியமரமும் கடை வாசலும் சேர்ந்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துப் போட்டேன். வழி கேட்டு வரும் அழைப்புகள் அதன் பிறகு குறைந்துவிட்டன.

விலைதான் கடினமான காரணம். மளிகைக் கடையில் ஒரு லிட்டர் பாக்கெட் எண்ணெய் விற்கும் விலையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கை எங்களிடம் கொடுக்க வேண்டியிருக்கிறது. கொள்ளை லாபம் அடிக்கிறார்கள் என்று ஒருவர் நேரிடையாகவே சொன்னார். அவருக்குப் பதில் சொல்லும் விதமாகக் கடைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். அன்றைக்குப் பருப்பு கிலோ 90 ரூபாய் என்றால் 225 ரூபாய் என்று எழுதுவேன். அதில் கிடைக்கும் ஒன்றரைக் கிலோ சுமாரான புண்ணாக்கை விற்று வரும் தொகையைக் கழிப்பேன். ஆட்கூலி, மின்சாரம், பாட்டில், வாடகை ஆகியவற்றைக் கூட்டுவேன். கடைசி வரியில் எங்கள் லாபம் இவ்வளவு என்றும் எழுதிவிடுவேன். பெரிய ஆலைகளில் ஹெக்சேன் என்ற கரைப்பானைக்கொண்டு புண்ணாக்கில் ஒட்டியிருக்கும் எண்ணெயையும் ஏறக்குறைய முழுவதுமாக எடுத்துவிடுவதால் அவர்களுக்கு அடக்கவிலை குறைகிறது, செக்கில் அது முடியாது என்பதைக் கேட்பவர்களுக்குச் சொல்வேன். லாபத்தை ஊருக்குச் சொல்லும் கடைக்காரன் உருப்படமாட்டான் என்று உறவினர்கள் கோபித்துக்கொண்டார்கள். ஆனால் பலகையின் முன் நின்று கணக்கைக் கூட்டிப் பார்த்தவர்கள் பேரம் பேசுவதை விட்டுவிட்டார்கள். சிலர் அதைக் கைபேசியில் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார்கள். நோட்டீஸுக்குச் செலவழித்த பணம் செய்யாத வேலையை ஒரு சாக்கட்டி செய்தது.

அந்த நாள்களில்தான் ஒரு விவசாயி தன் தோட்டத்துக் கொப்பரையைக் கொண்டுவந்து, கூலிக்கு ஆட்டித் தருவீர்களா என்று கேட்டார். எங்களைச் சுற்றிலும் தென்னந்தோப்புகள். பத்துக் கிலோ நல்ல கொப்பரைக்கு ஆறு லிட்டருக்குக் குறையாமல் எண்ணெய் கிடைக்கும். தன் கண் முன்னால் தன் கொப்பரை செக்கில் விழுந்து, தன் பாத்திரத்தில் எண்ணெயாக இறங்குவதை ஒருவர் பார்த்த பிறகு, சுத்தம் பற்றி அவருக்கு நாம் எதுவும் சொல்லத் தேவையில்லை. கூலிக்கு ஆட்டிக் கொடுப்பதற்குச் சரக்கு வாங்கும் முதலீடும் வேண்டியதில்லை. ஆட்டி முடிக்கும்வரை காத்திருப்பவர்களுக்காக இரண்டு பெஞ்சும் ஒரு மண்பானைத் தண்ணீரும் வைத்தோம். தேங்காய் எண்ணெய்க்காக வந்து உட்கார்ந்தவர்கள் பலகையைப் படித்துவிட்டுக் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வாங்கிப் போனார்கள். முதலாண்டு முடிவில் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இப்படிக் கூலிக்கு ஆட்ட வந்தவர்கள்.

2018இல் வாட்ஸப்பின் வணிகச் செயலி வந்தபோது அதையும் எடுத்துக்கொண்டோம். அப்போது அதில் ஒரே செய்தியை 256 பேருக்கு ஒரு பட்டியலாக அனுப்ப முடிந்தது. ஆனால் நம் எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்திருந்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேர்ந்தது. எங்கிருந்தோ ஆயிரம் எண்களை வாங்கி வந்து செய்தி அனுப்ப நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. அதனால் எண்ணெய் வாங்கும்போதே எங்கள் எண்ணைப் பதிந்துகொள்ளுமாறு கேட்டோம். தினமும் வணக்கம் சொல்லி யாரையும் தொல்லைப்படுத்துவதில்லை. மாங்காய் வரும் சித்திரையில் ஊறுகாய்க்கான நல்லெண்ணெய், தீபாவளிக்கு முன் பலகாரத்துக்குக் கடலை எண்ணெய், கார்த்திகைக்கு விளக்கெண்ணெய் என்று வீட்டுக்குத் தேவை வரும் காலத்தில் மட்டும், மாதத்துக்கு இரண்டு செய்தி அனுப்புகிறோம். இடையில் ஒருமுறை முகநூலில் மூவாயிரம் ரூபாய் கட்டி விளம்பரம் செய்தேன். சென்னையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் விருப்பங்கள் குவிந்தன. கடைக்கு வந்தவர் ஒருவர்கூட இல்லை. விளம்பரம் யாருக்குக் காட்டப்பட வேண்டும் என்று தூரத்தைக் குறுக்கத் தெரியாமல் பணம் கட்டியது என் தவறு.

நோய் தீரும், கொழுப்புக் கரையும் என்று எழுதச் சொல்லிப் பலர் அறிவுரை கூறினார்கள். அப்படி எழுதுவதில்லை. கொலஸ்ட்ரால் இல்லாதது என்று விளம்பரம் செய்வதைக்கூட நான் ஏற்கவில்லை. தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிடையாது. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கு 2018ஆம் ஆண்டின் விதிமுறைகளும் இருக்கின்றன. அதற்குப் பதிலாக, உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணைச் சீட்டில் பெரிதாக அச்சிட்டோம். நாங்கள் பதிந்தபோது, ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கு அந்தப் பதிவுக்கு ஆண்டுக்கு 100 ரூபாய்தான். சிறு, குறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு அதுவும் இல்லை, முற்றிலும் இலவசம். இது தெரியாமல் இடைத்தரகரிடம் ஆயிரத்தைந்நூறு கொடுத்த நண்பர் ஒருவர் எனக்கு இருக்கிறார்.

மளிகைக் கடைகளுக்குச் சரக்குப் போட்டதும் ஒரு பாடம். எட்டுக் கடைகள் எடுத்துக்கொண்டன. விற்பனை கூடியது, பணமோ முப்பது நாள், அறுபது நாள் என்று வெளியில் நின்றது. அதைவிட எனக்குப் பெரிய குறையாகத் தெரிந்தது, அந்த பாட்டில்களை வாங்கியவர் யார் என்பதே எங்களுக்குத் தெரியாமல் போனதுதான். அவர் திரும்பி வராவிட்டால் யாரைக் கூப்பிட்டுக் கேட்பது? ஓராண்டில் அதை நிறுத்திவிட்டோம். பிறகு 2022இல், குறு உணவுத் தொழில்களுக்கான ஒன்றிய அரசின் திட்டத்தில் 35 விழுக்காடு மானியத்துடன் வங்கிக் கடன் வாங்கி இரண்டாவது செக்கைப் போட்டபோது, வங்கி மேலாளர் விற்பனைக்கு என்ன உறுதி என்று கேட்டார். அந்த நோட்டைத்தான் எடுத்துக் காட்டினேன். அதில் அப்போது 900 வீடுகளின் பெயர்கள் இருந்தன, யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்கள் என்ற குறிப்புடன்.

இப்போதும் மாதம் பிறந்ததும், அறுபது நாளாக வராதவர்களைத் தனித்தாளில் எழுதி என் மனைவியிடம் கொடுக்கிறேன். இந்த மாதப் பட்டியலில் பதினேழு பேர். ஒருவர் வீட்டில் எண்ணெய் இன்னும் தீரவில்லை. ஒருவருக்கு நல்லெண்ணெயில் போன முறை கசப்புத் தட்டியிருக்கிறது. எந்த நாள் எள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் கச்சாயம் சுட்ட அம்மாவின் பெயரும் பட்டியலில் இருந்தது. மகன் வீட்டோடு இருக்கக் கோவைக்குப் போய்விட்டாராம். “அங்க பஸ்ஸுல போட்டு அனுப்புவீங்களா கண்ணு?” என்று கேட்டிருக்கிறார். ஐந்து லிட்டர் டின்னைப் பேருந்தில் அனுப்பினால் மூடியோரத்தில் கசிகிறது. சென்ற வாரம் இரண்டு டின்களை ரப்பர் வளையம் போட்டு இறுக்கித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறோம். ஒன்று மூன்றாம் நாளே கசிந்துவிட்டது. இன்னொன்று இன்று காலைவரை தாங்கியிருக்கிறது.