வட்டியில்லாத வீடும் வளைந்த ஆணிகளும்

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, கையில் இரவல் சுத்தியலும் தலையில் இரவல் ஹெல்மெட்டுமாக ஒரு செம்மண் மேட்டில் நின்றுகொண்டிருந்தேன். அட்லாண்டாவுக்குக் கொஞ்சம் தள்ளி எங்கள் பக்கத்து மண் அப்படியொரு சிவப்பு. பார்த்தால் எங்கள் ஊர்ப்பக்கம் சாத்தான்குளத்துச் செம்மணல் தேரி மாதிரியே இருக்கும், ஆனால் மழை பெய்தால் தேரி போல நீரைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்காது, ஷூவில் ஒட்டிக்கொண்டு வீடு வரைக்கும் கூடவே வரும்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவர் எதிர் வீட்டு அம்மா. எழுபத்திரண்டு வயது, பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஞாயிறு தவறாமல் மெத்தடிஸ்ட் சர்ச்சுக்குப் போகிறவர். அவர்கள் சர்ச்சும் சுற்றுவட்டாரத்தில் இன்னும் நாலு சர்ச்சும் பணம் போட்டு, ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி என்கிற தொண்டு நிறுவனம் வழியாக ஒரு குடும்பத்துக்கு வீடு கட்டுகிறார்களாம், சனிக்கிழமைக்கு ஆள் குறைகிறது, வருகிறாயா என்று கேட்டார். நான் கோயிலுக்கே தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் போகிற ஆள், சர்ச் வேலைக்கு எப்படி என்று இழுத்தேன். "ஆணி அடிக்க ஞானஸ்நானம் தேவையில்லை" என்றார். சரி என்றேன்.

அவரிடம் நான் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. என் அப்பா கொத்தனார், அம்மா அவரோடு போன சித்தாள். வானம் தோண்டுவதிலிருந்து பால் காய்ச்சுவது வரை எல்லாம் பார்த்து வளர்ந்தவள் நான். ஆகவே உள்ளூர ஒரு மெத்தனம். அந்த மெத்தனம் பத்து நிமிஷம் நீடித்தது.

ஏனென்றால் அங்கே செங்கல்லும் இல்லை, சாந்தும் இல்லை, எல்லாம் மரம். தளம் மட்டும்தான் கான்கிரீட். சுவரைத் தரையிலேயே படுக்கப்போட்டுச் செய்கிறார்கள். பதினாறு அங்குலத்துக்கு ஒரு கால் என்று அளந்து குறித்து, மேலே ஒரு சட்டம், கீழே ஒரு சட்டம் வைத்து மூன்றரை அங்குல ஆணியாக அடித்து, முடிந்ததும் எட்டுப் பேர் சேர்ந்து, தேர் வடம் பிடிக்கிற மாதிரி ஒரே சத்தத்தில் தூக்கி நிறுத்துகிறார்கள். ரெண்டுக்கு நாலு என்று சொல்லும் கட்டையை அளந்து பார்த்தால் உண்மையில் ஒன்றரைக்கு மூன்றரைதான் இருக்கிறது, அதை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. இடைவேளையில் அப்பாவுக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னம்மா இது, வீடா கோழிக்கூண்டா?" என்றார். அப்புறம் நான் ஆணி அடிப்பதைப் பார்த்துவிட்டு, "சுத்தியலக் கழுத்துல பிடிக்காத, நுனியில பிடி" என்றார். அன்று நான் அடித்ததில் பாதி ஆணி வளைந்தது. பிடுங்கி எடுக்கவே ஒரு ரிட்டயர்டு தாத்தாவை எங்கள் குழுவில் வைத்திருந்தார்கள், அவருக்கு ஓய்வே இல்லை.

எங்களை மேய்த்த தலைமை ஆள் ஒரு பெண். எங்கள் ஊரில் பெண்கள் இருபது வருஷம் சட்டி சுமந்தாலும் சித்தாள்தான், கரண்டியைக் கையில் கொடுக்க மாட்டார்கள். என் அம்மாவுக்கு அப்பாவைவிட நன்றாகப் பூசத் தெரியும், ஆள் வராத நாட்களில் உள் அறைச் சுவர்களை அம்மாதான் பூசுவாள், கூலி மட்டும் சித்தாள் கூலி. இங்கேயும் இது எளிதாக வந்துவிடவில்லை. வட கரோலினாவின் சார்லட்டில் பெண்களே சேர்ந்து ஒரு ஹேபிடாட் வீட்டைக் கட்டியது 1991-ல்தான், அதற்குப் பிறகுதான் பெண்கள் கட்டுமானம் என்று தனித் திட்டமே வந்தது.

அந்த வீடு யாருக்கோ, அவரும் அங்கேதான் இருந்தார், என் பக்கத்தில், என்னைவிட நேராக ஆணி அடித்துக்கொண்டு. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை, இரண்டு பிள்ளைகள், கணவர் இல்லை. முந்தின இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேரே வந்திருந்தார். இந்த வீடு கிடைக்க அவர் சில நூறு மணி நேரம் உடம்பால் உழைத்துக் கணக்குக் காட்ட வேண்டும், அதில் ஒரு பகுதி அடுத்தவர் வீட்டுக்கு. தன் முறை வருவதற்கு முன்பே இரண்டு வீட்டுக்குப் பெயிண்ட் அடித்திருக்கிறார். நாங்கள் சனிக்கிழமை வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்கள், அவர் விடாமல் வருகிறவர்.

நான் அதுவரை நினைத்திருந்தது, சர்ச்சுக்காரர்கள் ஏழைகளுக்கு இனாமாக வீடு கட்டிக் கொடுக்கிறார்கள் என்று. இங்கே நிறைய அமெரிக்கர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள். இனாம் கிடையாது. வீட்டை அவர் விலைக்கு வாங்குகிறார், மாதாமாதம் தவணை கட்டுகிறார். தவணை வருமானத்தில் முப்பது சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். லாபம் வைப்பதில்லை. வட்டி, எங்கள் கிளையில், இல்லை. (இப்போது எல்லாக் கிளைகளும் அப்படி இல்லை, சில இடங்களில் குறைந்த வட்டி உண்டு.) வாங்கின கையோடு சந்தை விலைக்கு விற்றுக் காசு பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, சந்தை விலைக்கும் அவர் கொடுக்கும் விலைக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டாவது அடமானமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். அவர் கட்டும் தவணைப் பணம் அடுத்த வீட்டுக்குப் போகிறது.

வட்டி இல்லை என்று சொன்னதும் நான் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை லட்சம் டாலர் கடன், முப்பது வருஷம், ஏழு சதவீத வட்டி என்றால் மாதம் கிட்டத்தட்ட 1,000 டாலர் வரும். முப்பது வருஷ முடிவில் கட்டியிருப்பது 3,59,000 டாலர், அதில் 2,09,000 வட்டி. அதே கடன் வட்டியில்லாமல் என்றால் மாதம் 417 டாலர். வரி, இன்சூரன்ஸ் தனி. நாங்கள் அறுபது பேர் அன்று அடித்த ஆணிகளுக்கெல்லாம் கூலி போட்டாலும் இந்த 2,09,000-க்குப் பக்கத்தில்கூட வராது, என்னுடைய வளைந்த ஆணிகளுக்குக் கழித்துக்கொண்டால் இன்னும் மோசம். வீட்டைக் கட்டுவது சுத்தியல் மாதிரித் தெரியும், உண்மையில் அது வட்டியை விட்டுக்கொடுத்த பணம் கட்டும் வீடு.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைத்தது என்றால், எங்களுக்கு 1998-ல் தொகுப்பு வீடு ஒதுக்கினார்கள். அரசு கொடுத்த பணம் லிண்டல் வரைக்கும் வந்தது, ஊரெல்லாம் வீடு கட்டின கொத்தனார் வீடு கூரையில்லாமல் நின்றது. அப்பா வெளியில் 40,000 ரூபாய் வாங்கினார், நூற்றுக்கு ஐந்து வட்டி. எங்கள் பக்கத்தில் இதை வருஷத்துக்கு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், மாதத்துக்கு. மாதம் 2,000. நாலு வருஷத்தில் 96,000 ரூபாய் வட்டியாகவே போனது, 40,000 அப்படியே நின்றது, கடைசியில் அம்மாவின் சங்கிலியும் அண்ணன் திருப்பூரில் சம்பாதித்ததும் போய்த்தான் பத்திரம் வீட்டுக்கு வந்தது. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டது அந்த வருஷம்தான். அந்த வீட்டில் எந்தச் சுவரைத் தட்டினாலும் எனக்கு வட்டிச் சத்தம்தான் கேட்கும்.

அடுத்த வாரமே தெற்கே இரண்டரை மணி நேரம் காரோட்டிக்கொண்டு அமெரிக்கஸ் என்ற ஊருக்குப் போனேன். ஹேபிடாட் 1976-ல் தொடங்கியது அங்கேதான். ஆனால் விதை அதற்கும் முந்தையது. ஊருக்கு வெளியே கொய்னோனியா என்று ஒரு பண்ணை. 1942-ல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்பவர் ஆரம்பித்தது. விவசாயம் படித்தவர், அப்புறம் கிரேக்க மொழியில் புதிய ஏற்பாட்டைக் கரைத்துக் குடித்தவர். வெள்ளைக்காரர்களும் கறுப்பர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், ஒரே கூலி வாங்கினார்கள், அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம். தெற்கு ஜார்ஜியாவில், ஐம்பதுகளில். ரோட்டோரக் கடைக்குக் குண்டு வைத்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள், ஊரே கூடி ஒதுக்கி வைத்தது, விதை விற்க ஆளில்லை, விளைந்ததை வாங்க ஆளில்லை. ஒதுக்கி வைப்பது என்றால் என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் பீகன் கொட்டையைத் தபாலில் நாடு முழுக்க விற்றுப் பிழைத்தார்கள். விளம்பர வாசகம்: ஜார்ஜியாவிலிருந்து நட்ஸை வெளியே அனுப்ப உதவுங்கள். நட்ஸ் என்றால் கொட்டையும்தான், கிறுக்கர்களும்தான். இன்றைக்கும் விற்கிறார்கள், நானும் இரண்டு பாக்கெட் வாங்கி வந்தேன்.

அங்கே வந்து சேர்ந்தவர்தான் மில்லர்ட் ஃபுல்லர். அலபாமா வக்கீல், முப்பது வயதுக்குள் கோடீஸ்வரர், காசு காசு என்று ஓடியதில் மனைவி லிண்டா விட்டுவிட்டுப் போகிற நிலை வந்தது, 1965-ல் இருவரும் சமாதானமாகி இருந்ததையெல்லாம் விற்றுக் கொடுத்துவிட்டார்கள். ஜோர்டனும் ஃபுல்லரும் 1968-ல் உட்கார்ந்து யோசித்ததில் வந்ததுதான் இந்த ஏற்பாடு. பண்ணையைச் சுற்றிக் குத்தகைக்கு உழுகிற கறுப்பர்கள் ஒழுகும் குடிசைகளில் கிடந்தார்கள். பண்ணை நிலத்தில் அரை ஏக்கர் அரை ஏக்கராக 42 மனை பிரித்தார்கள். நன்கொடையையும் வட்டியில்லாக் கைமாற்றையும் போட்டு ஒரு நிதி, அதிலிருந்து வீடு, வீட்டுக்காரர் திருப்பிக் கட்டுவது மறுபடி நிதிக்கு. ஜோர்டன் சொன்னதன் சாரம்: ஏழைக்குத் தேவை தர்மம் இல்லை, மூலதனம். வட்டி கூடாது என்பதற்கு அவர்கள் யாத்திராகமம் 22:25-ஐக் காட்டினார்கள், எளியவனுக்குக் கடன் கொடுத்தால் அவன் மேல் வட்டி சுமத்தாதே என்கிற வசனம். எங்கள் ஊர்ப்பக்கம் சர்ச் இல்லாத ஊர் கிடையாது, இந்த வசனம் எல்லா பைபிளிலும் இருக்கிறது, அதில் வட்டிக்கு விடுகிறவர்கள் வீட்டு பைபிளும் சேர்த்தி. நாங்களும் ஒழுங்கில்லை, எங்களுக்குக் கடன் கொடுத்தவர் வருஷா வருஷம் அம்மன் கோயிலுக்குக் கொடை நடத்துகிறவர்.

முதல் வீடு முடிவதற்குள், 1969 அக்டோபரில், ஜோர்டன் இறந்துபோனார். ஃபுல்லர் குடும்பத்தோடு ஆப்பிரிக்காவில் சயர் நாட்டுக்கு (இன்றைய காங்கோ) போய் 1973 முதல் மூன்று வருஷம் அங்கே வீடு கட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் ஹேபிடாட்டைத் தொடங்கினார். இந்தியாவுக்கு அது 1983-லேயே வந்துவிட்டது, இன்றைய தெலங்கானாவின் கம்மத்தில்.

ஜிம்மி கார்ட்டர் கதை எல்லாருக்கும் தெரிந்திருக்கும். அவர் ஊர் பிளெயின்ஸ், அமெரிக்கஸிலிருந்து பத்து மைல்தான். 1984-ல் பஸ்ஸில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நியூயார்க் போய், இடிந்து கிடந்த ஆறு மாடிக் கட்டடத்தை 19 குடும்பங்களுக்காகச் சீர்படுத்தினார். அதிலிருந்து அவரும் மனைவி ரோசலினும் வருஷத்தில் ஒரு வாரம் இதற்கென்று ஒதுக்கினார்கள். 2006-ல் நம்ம லோனாவாலாவுக்கும் வந்தார்கள். 2019-ல், 95 வயதில், வீட்டில் விழுந்து நெற்றியில் 14 தையல், கண் கறுத்து வீங்கிப்போயிருக்க, மறுநாள் நாஷ்வில்லில் நிற்கிறார். முன்னாள் ஜனாதிபதி என்பதைவிட, தச்சு தெரிந்த மனிதர் என்பதுதான் எனக்குப் பிடித்தது. போட்டோக்களைப் பாருங்கள், சுத்தியலை நுனியில்தான் பிடித்திருப்பார்.

குறையும் இருக்கிறது, இல்லாமல் என்ன. எங்கள் கிளை வருஷத்துக்குக் கட்டுவது விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகள், விண்ணப்பம் போட்டுக் காத்திருப்பவர்கள் அதைப் போலப் பல மடங்கு. மனை விலைதான் இப்போது எமன். சர்ச்சுகளிடம் பணத்தைவிட நிலம் அதிகம், பெரிய பெரிய பார்க்கிங் வாரத்தில் ஆறு நாள் காலியாகக் கிடக்கிறது, அதைக் கொடுத்தால் ஆயிரம் தன்னார்வலர்களைவிட உபயோகம் என்று நான் எதிர் வீட்டு அம்மாவிடமே சொன்னேன். கலிபோர்னியாவில் 2023-ல் இதற்கென்றே சட்டம் கொண்டுவந்தார்கள், சர்ச் நிலத்தில் குறைந்த விலை வீடு கட்டுவதை ஊராட்சிகள் இழுத்தடிக்க முடியாதபடி. ஜார்ஜியா அவ்வளவு வேகம் இல்லை. நம்ம பக்கத்தில் 1799-லேயே விரட்டப்பட்ட கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக நிலம் வாங்கி முதலூர் என்று ஒரு ஊரையே உண்டாக்கினார்கள் என்று சொன்னதும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை, சர்ச் கமிட்டியில் சொல்கிறேன் என்று எழுதி எடுத்துக்கொண்டார்.

நான் அப்புறமும் ஐந்து சனிக்கிழமை போனேன். ஆணி வளைவது குறைந்தது. மதியச் சாப்பாடு சர்ச் அம்மாக்கள் கொண்டுவருவார்கள், பொரித்த கோழியும் பாயசம் மாதிரி இனிக்கிற ஐஸ் டீயும், அதற்காகவே வருகிற இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

உள் சுவருக்குப் பலகை அடிப்பதற்கு முன்னால் இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. எல்லார் கையிலும் ஒரு மார்க்கர் கொடுத்து, மரக்கால்களில் வாழ்த்து எழுதச் சொல்கிறார்கள். நாம் நிலை வைக்கும்போது மஞ்சள் தடவி அடியில் நவதானியமும் காசும் போடுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான். மற்றவர்கள் பைபிள் வசனம் எழுதினார்கள், பிள்ளைகள் டைனோசர் வரைந்தார்கள். எனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. கடைசியில் சமையலறைச் சுவரில் தமிழில் அம்மாவின் பெயரை எழுதி, பக்கத்தில் "கொத்தனார்" என்று போட்டேன்.

வீட்டுக்கார அம்மா வந்து விரலால் தடவிப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். என் அம்மா பெயர், வீடு கட்டுகிறவர் என்றேன். எத்தனை வீடு கட்டியிருப்பார் என்று கேட்டார். யாரும் எண்ணியதில்லை.

அன்று இரவு போனில் அம்மாவிடம் சொன்னேன். "ஏட்டி, எதுக்கு என் பேரப் போயி அங்கன எழுதுத, எவளுக்கு வாசிக்கத் தெரியும்?" என்றாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "எழுத்துப் பிழை இல்லாம எழுதுனியா?" என்று கேட்டாள்.