மகன் ரத்தத்தில் ஈயம்: எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த கதை

நியூயார்க்கில் குழந்தைக்கு ஒரு வயதிலும் இரண்டு வயதிலும் ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும் என்பது சட்டம். என் மகனுக்கு முதல் தடவை ஒன்றும் இல்லை. இரண்டு வயதில் விரல் நுனியில் குத்தி எடுத்த ரத்தத்தில் 9 வந்தது. டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் வந்தாலே கவனிக்க வேண்டும் என்பது 2021 முதல் இங்கே இருக்கும் அளவு. விரலில் ஒட்டிய தூசியால் எண் கூடியிருக்கலாம் என்று நரம்பிலும் ரத்தம் எடுத்தார்கள். 8.

பையனைப் பார்த்தால் எதுவுமே தெரியாது. நன்றாகச் சாப்பிட்டான், ஓடினான், ஓயாமல் பேசினான். எனக்கு அதுதான் பெரிய பயம். இந்த அளவில் வெளியே அறிகுறி தெரியாமலே வளரும் மூளையைப் பாதிக்கும், பிறகு கவனத்திலும் படிப்பிலும் அது தெரியலாம் என்றார் டாக்டர். இரும்புச்சத்து குறைந்த உடம்பு ஈயத்தை இன்னும் அதிகமாக உறிஞ்சுமாம். மருந்து கொடுத்து வெளியேற்றுவதெல்லாம் 45-ஐ எட்டினால்தான். எங்களுக்கு இருந்த ஒரே வழி, எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நிறுத்துவது.

சுகாதாரத்துறையிலிருந்து ஓர் அம்மா வந்தார். எங்களுடையது 1960-க்கு முன் கட்டிய கட்டடம்; இந்த நகரம் வீடுகளில் ஈயப் பெயின்ட்டைத் தடை செய்தது அந்த வருஷம்தான். ஜன்னல் சட்டம், கதவு நிலை என்று ஒவ்வொன்றிலும், ஈயம் இருந்தால் காட்டும் கைக்கருவியை வைத்துப் பார்த்தார். பெயின்ட்டில் ஒன்றும் இல்லை. அப்புறம் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், குங்குமம், கண்மை எல்லாவற்றிலும் மாதிரி எடுத்துக்கொண்டார். மஞ்சள் பளிச்சென்று இருக்க லெட் குரோமேட் என்ற ஈயம் உள்ள சாயப்பொடியைக் கலப்பவர்கள் உண்டு. கடைசியாக, ஊரிலிருந்து வந்த ஈயச்சொம்பு. கருவி அதில்தான் எகிறியது.

ஈயச்சொம்பு வெள்ளீயத்தில், அதாவது டின்னில் செய்ய வேண்டியது. ரத்தத்தில் தேடிய ஈயம் காரீயம், அது வேறு உலோகம். விலை குறைக்க அதைக் கலந்துவிட்டால், புளியும் தக்காளியும் கொதிக்கக் கொதிக்க அது ரசத்தில் இறங்கும். பையனுக்கோ தினமும் ரசம் சாதம்.

"காதோரம் வெச்சு அழுத்தி, கரகரன்னு சத்தம் வருதான்னு பார்த்துத்தானேம்மா வாங்கினேன்" என்று போனில் அத்தை அழுதுவிட்டார். வெள்ளீயத்தை அழுத்தினால் அப்படிச் சத்தம் வரும் என்று பார்ப்பது வழக்கம். "நீங்க என்ன பண்ணுவீங்க அத்தை" என்றேன். காதால் கேட்டு நிச்சயமாகச் சொல்லிவிடக்கூடிய விஷயமா இது? கலந்து விற்றவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சொம்பை எடுத்துவிட்டு எவர்சில்வருக்கு மாறினோம். இரும்புச்சத்து சொட்டு மருந்து, கீரை, முட்டை, பால் என்று டாக்டர் சொன்னபடி கொடுத்தோம். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 5. எலும்பில் சேர்ந்தது மெல்ல மெல்ல ரத்தத்துக்குத் திரும்புவதால் எண் சட்டென்று இறங்குவதில்லை. அதற்கடுத்த சோதனையில் 3.5-க்குக் கீழே வந்துவிட்டது. பேச்சு, கவனம் எல்லாம் வயதுக்கேற்றபடி இருக்கிறதா என்று பள்ளிக்கூடம் போகும் வரை பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

சென்னையில் இருக்கும் என் தங்கை வீட்டிலும் அதே கடைச் சொம்புதான். அங்கே இந்தச் சோதனையை யாரும் வழக்கமாக எழுதுவதில்லை. விஷயத்தைச் சொல்லி, குழந்தை டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கினாள். பெரிய தனியார் லேப் ஒன்றில் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் இந்த வாரம் வரும்.