ஏபிஎஸ் லைட் எரிகிறதா?

தர்மபுரியில் மழை பிடித்துவிட்டால் இந்தக் கேள்வியும் வந்துவிடும்: ஏபிஎஸ் லைட்டும் டிராக்‌ஷன் லைட்டும் சேர்ந்து எரிகிறதே, ஏன்? பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது ஏபிஎஸ்; வேகமெடுக்கும்போது சக்கரம் வழுக்கிச் சுழலாமல் பார்ப்பது டிராக்ஷன். இரண்டுக்கும் தகவல் தருவது சக்கரத்தில் இருக்கும் அதே வேக சென்சார்கள்தான். ஒன்று மக்கர் செய்தாலே இரண்டும் ஒதுங்கிக்கொள்ளும்.

உடனே சென்சாரை மாற்றாதீர்கள். ஒவ்வொரு சென்சாரும் சொல்லும் வேகத்தைத் திரையில் காட்டும் ஸ்கேனர் கருவியை வண்டியில் மாட்டி, நேரான ரோட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்கட்டும். மூன்று சக்கரம் 20 காட்டி, ஒன்று மட்டும் 0 என்றால் கோளாறு அங்கேதான். அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது அந்த சென்சாரின் வயர், கனெக்டர். சேறு, துரு, எலிக்கடி (எலிக்கு அந்த வயரில் என்ன ருசியோ!) எல்லாம் இருக்கும்.

ஏபிஎஸ் லைட் எரிந்தாலும் சாதாரண பிரேக் பிடிக்கும்தான். ஆனால் தொப்பூர் இறக்கத்தில், ஈரத்தில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். சிவப்பு பிரேக் லைட்டும் எரிந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.