ரிமோட்டுக்குத் தெரியாத விளக்கு

வீட்டில் படம் பார்ப்பதற்கென அமைத்த அறையில், புரொஜெக்டர், ஆம்ப்ளிஃபையர், டிஸ்க் பிளேயர், செட் டாப் பெட்டி ஆகிய நான்கின் ரிமோட்டுகளையும் ஒரே யுனிவர்சல் ரிமோட்டுக்குள் அடக்கிவிட்ட பிறகும், படம் தொடங்கும் நேரத்தில் எழுந்து போய் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் தடவித் தடவி இருக்கைக்குத் திரும்புவது எனக்குப் பெரிய அபத்தமாகத் தோன்றியது. ஆகவே சுவரிலிருந்த சாதாரண சுவிட்சை எடுத்துவிட்டு, விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும், அகச்சிவப்புக் கதிரில் இயங்கும் டிம்மர் ஒன்றை எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்தச் செய்தேன். ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும் என்று நினைத்த வேலை சில மாதங்கள் நீண்டது. அதில் பெரும்பகுதி ஒரேயொரு கேள்வியைப் புரிந்துகொள்வதிலேயே கழிந்தது: கட்டளை போய்ச் சேரும் கணத்தில் விளக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது யாருக்குத் தெரியும்?

டிம்மரோடு வந்த சிறிய ரிமோட்டில் மூன்றே பொத்தான்கள் இருந்தன. ஒன்று ஒளியைக் கூட்டும், ஒன்று குறைக்கும், மூன்றாவது எரிகிற விளக்கை அணைக்கும், அணைந்த விளக்கை எரிய வைக்கும். இவற்றை யுனிவர்சல் ரிமோட்டுக்குக் கற்றுக்கொடுப்பது எளிது. வீட்டுச் சாதனங்களின் ரிமோட்டுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 940 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை நொடிக்குச் சுமார் 38,000 தடவை துடிக்கச் செய்து, அந்தத் துடிப்புக் கொத்துகளுக்கு இடையிலான கால இடைவெளிகளில் கட்டளையைப் பொதிந்து அனுப்புகின்றன. கற்கும் வசதியுள்ள ரிமோட் அந்த இடைவெளிகளை அளந்து அப்படியே மனப்பாடம் செய்துகொள்கிறது. பொருள் தெரியாமல் பாட்டை ஒப்பிக்கும் பிள்ளையைப் போல. இரண்டு ரிமோட்டுகளையும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே வைத்து, வெயில் படாத மேசையில் இதைச் செய்ய வேண்டும். சன்னலோரத்தில் உட்கார்ந்து நான் செய்த முதல் முயற்சியில் ஒரு பொத்தான்கூடச் சரியாகப் பதியவில்லை.

பிறகு, ‘படம்’ என்ற பெயரில் ஒரு மேக்ரோ, அதாவது ஒரே பொத்தானில் வரிசையாகப் போகும் கட்டளைத் தொகுப்பு, அமைத்தேன். அதை அழுத்தினால் புரொஜெக்டர் விழிக்கும், ஆம்ப்ளிஃபையர் உரிய உள்ளீட்டுக்கு மாறும், கடைசியில் விளக்கு அணையும். முதல் நாள் எல்லாம் அழகாக நடந்தது. மறுநாள் பகலில், திரைச்சீலைகளை மூடிவிட்டு, விளக்கு ஏற்கெனவே அணைந்திருந்த நிலையில் அதே பொத்தானை அழுத்தினேன். புரொஜெக்டர் வந்தது, கூடவே அறையின் எல்லா விளக்குகளும் பளிச்சென்று எரிந்தன. ரிமோட்டின் மீது குற்றமில்லை. ‘இப்போது இருக்கும் நிலையை மாற்று’ என்பது மட்டுமே அது அனுப்பிய கட்டளை. அகச்சிவப்பு ரிமோட் ஒருவழிப் பேச்சாளர். பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்க அதற்குக் காது கிடையாது.

இதற்குச் சில குறுக்கு வழிகள் உண்டு. என்னுடையதைப் போன்ற பல டிம்மர்களில், அணைந்திருக்கும்போது ‘கூட்டு’ பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியத் தொடங்கும். ஆகவே முதலில் ‘கூட்டு’, அடுத்து நிலைமாற்றுப் பொத்தான் என்று மேக்ரோவில் வரிசைப்படுத்தினால், முன்பு எந்த நிலையில் இருந்தாலும் இறுதியில் விளக்கு அணைந்தே தீரும். அணைப்பதற்கு இது போதும். ஆனால் எனக்கு வேண்டியது முழு இருட்டு அல்ல, இடைவேளையில் நடக்கப் போதுமான மங்கல் ஒளி. அதற்காக, ‘கூட்டு’ கட்டளையை ஐந்து நொடி அனுப்பி உச்சத்தைத் தொட்டு, பிறகு ‘குறை’ கட்டளையை நான்கு நொடி அனுப்பி இறங்கும்படி அமைத்தேன். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் இருட்டுக்குப் பழகிய கண்களின் மீது ஒவ்வொரு இடைவேளையிலும் முழு வெளிச்சம் பாய்ந்தடித்ததை வீட்டார் ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்கவில்லை.

உண்மையான தீர்வு வேறொரு வகை டிம்மரில் இருந்தது. எரி என்பதற்கு ஒரு குறியீடு, அணை என்பதற்குத் தனியாக இன்னொன்று, முன்பே பதித்து வைத்த ஒளியளவுகள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று எனத் தனித்தனிக் குறியீடுகளை ஏற்கும் டிம்மர் அது. ‘20 விழுக்காட்டுக்குப் போ’ என்று சொன்னால், முன்பு 80 விழுக்காட்டில் இருந்தாலும் அணைந்தே இருந்தாலும் அது 20 விழுக்காட்டுக்கே வந்து நிற்கும். பத்து முறை சொன்னாலும் அங்கேயே நிற்கும். யாரோ சுவர்ப் பொத்தானைத் தொட்டுவிட்டுப் போயிருந்தாலும் மேக்ரோ குழம்புவதில்லை. டிம்மர் வாங்கப் போகிறவர்கள் அதன் அழகையும் வாட் அளவையும் பார்ப்பதற்கு முன்னால் இந்த ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன்.

அகச்சிவப்புக்கு இன்னொரு சங்கடம், நேர்ப்பார்வை. திரையை நோக்கி ரிமோட்டை நீட்டுவதே நம் இயல்பு; டிம்மரோ பெரும்பாலும் கதவருகில், நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெளிர்நிறச் சுவர்களில் கதிர் எதிரொளித்து ஓரளவு போய்ச் சேரும். ஆனால் நல்ல திரையரங்கு அறையின் சுவர்களுக்கு நாம் அடர்நிறம் பூசியிருப்போம். இக்காரணத்தால் பிற்பாடு நான் ரேடியோ அலையில் இயங்கும் டிம்மருக்கு மாறி, ரிமோட்டின் கட்டளையை வாங்கி அதற்கு மொழிபெயர்த்து அனுப்பும் ஒரு ஹப்பையும் வைத்துக்கொண்டேன். ஜிவேவ், ஜிக்பீ போன்று வீட்டுச் சாதனங்கள் ரேடியோ அலையில் பேசிக்கொள்ளும் நெறிமுறைகளில் ஒளியளவு ஓர் எண்ணாகவே செல்கிறது. முன்னதில் 0 முதல் 99 வரை, பின்னதில் 0 முதல் 254 வரை. டிம்மர் தன் நிலையைத் திருப்பிச் சொல்லவும் முடியும். ஹப் வாங்கும்போது, இணையம் இல்லாத நேரத்திலும் அது வேலை செய்யுமா என்று பார்த்தேன். லாஜிடெக் நிறுவனம், அமைப்புகளுக்குத் தன் சர்வரை நம்பியிருந்த ஹார்மனி யுனிவர்சல் ரிமோட்டுகளின் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 ஏப்ரலில் அறிவித்ததிலிருந்து, தொலைதூரத்துச் சர்வர் ஒன்றை நம்பி என் அறையின் விளக்கு இருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கட்டளை ஒழுங்கானதும் பல்புகள் தகராறு செய்யத் தொடங்கின. பொதுவான டிம்மர் மின்னழுத்தத்தைச் சீராகக் குறைப்பதில்லை. மாறுமின்னோட்ட அலையின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது நொடிக்கு 100 முறை நடக்கிறது. இழை பல்பு இதைப் பொருட்படுத்தாது, ஏனெனில் அதற்குள் இழையின் வெப்பம் ஆறிவிடுவதில்லை. எல்இடி பல்பின் உள்ளேயிருக்கும் மின்சுற்று அப்படியல்ல. மங்கச் செய்யத் தக்கது என்று உறையில் குறிப்பிடாத பல்பு துடிக்கும், ரீங்கரிக்கும், சில வேளை சட்டென்று அணைந்துவிடும். போதாக்குறைக்கு, நான்கு 60 வாட் இழை பல்புகள் இருந்த இடத்தில் நான்கு 8 வாட் எல்இடிகளை மாட்டியபோது மொத்தச் சுமை 32 வாட்டாக இறங்கியது; என் பழைய டிம்மர் கேட்ட குறைந்தபட்சச் சுமையோ 40 வாட். மேலும், ரிமோட்டில் இயங்கும் டிம்மர் விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்துக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் கம்பி (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி) இல்லையென்றால், அந்தச் சிறு மின்சாரத்தை அது பல்பின் வழியாகவே இழுத்துக்கொள்கிறது. அணைத்த பிறகும் என் பல்புகள் பேய்போல் லேசாக மினுங்கிக்கொண்டிருந்ததன் காரணம் அதுதான். நியூட்ரல் இழுத்த பிறகு மினுங்கல் நின்றது.

ஒளியளவுகளைப் பதிக்கும்போது இன்னொன்றையும் கவனித்தேன். கண் உணரும் பிரகாசம், அளவுமானி காட்டும் அளவின் வர்க்கமூலத்தை ஒட்டிச் செல்கிறது என்பது விளக்கமைப்போர் வழங்கும் தோராயக் கணக்கு. அளவில் 10 விழுக்காடாகக் குறைந்த ஒளி, கண்ணுக்கு ஏறத்தாழ 32 விழுக்காடாகத் தெரியும். சில டிம்மர்கள் இதற்கேற்பத் தங்கள் எண்ணைத் திருத்திக்கொள்கின்றன, சில திருத்துவதில்லை. ஆகவே காகிதத்தில் கணக்குப் போடாமல், இரவில், புரொஜெக்டரை ஓடவிட்டு, இருக்கையில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு காட்சிக்கும் அளவை முடிவு செய்தேன்.

இப்போது ரிமோட்டில் படத்தை ஓடவிடும் பொத்தானை அழுத்தினால் விளக்கு ஐந்து நொடிகளில் மெல்ல அணைகிறது. இடைநிறுத்து பொத்தானில் இரண்டு நொடிகளில் 12 விழுக்காட்டுக்கு ஏறுகிறது. கண் முழுமையாக இருட்டுக்குப் பழக அரைமணி நேரம்கூட ஆகும் என்பதால் அதற்கு மேல் நான் ஏற்றுவதில்லை. நிறுத்து பொத்தானில் 60 விழுக்காடு. அந்த ஏற்றத்துக்கு மட்டும் முழுதாகப் பதினைந்து நொடி கொடுத்திருக்கிறேன், படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரும் எழுந்திருக்கத் தொடங்கிவிடக் கூடாது என்பதற்காக.