பாரிஸில் பாஸ்போர்ட் திருடு போனபோது

பாரிஸ் மெட்ரோவின் முதல் லைன். ஷாத்லே நிலையத்தில் ஏறும்போது வாசலிலேயே ஒரு பெண் மேப்பை விரித்துக்கொண்டு வழியை மறித்தாள். பின்னால் நெருக்கினார்கள். கதவு மூடுவதற்குள் அவளும் இன்னும் இருவரும் குதித்து இறங்கிவிட்டார்கள். என் தோள்பையின் ஜிப் திறந்திருந்தது, உள்துணி நாக்கு மாதிரி வெளியே தொங்கியது. பாஸ்போர்ட், ஒரு கார்டு, இருநூறு யூரோ எல்லாம் போச்சு. சட்டைப் பையில் இருந்ததால் போன் தப்பியது.

அடுத்த நிலையத்தில் இறங்கி, வங்கியைக் கூப்பிட்டு கார்டை முடக்கினேன். என் மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான், பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியின் கடைக்கார அண்ணன் நினைவு வந்தது. முந்தின இரவு அவர் கடையில்தான் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். "ஏதும் எண்டால் எடுங்கோ" என்று நம்பர் கொடுத்திருந்தார். உடனே அவரை அழைத்தேன்.

"தம்பி, எந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கும் போகலாம். களவு எண்டு சொல்லுங்கோ. துலைஞ்சது எண்டு எழுத விடாதையுங்கோ."

அது உண்மைதான். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் பாதிக்கப்பட்டவரின் புகாரை வாங்கியே ஆகவேண்டும் என்பது பிரெஞ்சுச் சட்டம். எங்கள் ஹோட்டலுக்குப் பக்கத்து நிலையத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். அந்த அதிகாரிக்கு ஆங்கிலம் கொஞ்சம், எனக்குப் பிரெஞ்சு சுத்தமாக இல்லை. தட்டச்சு செய்த தாளை என் முன் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தைப் பேனாவால் காட்டினார்.

நான் அண்ணனை மறுபடி அழைத்து ஸ்பீக்கரில் போட்டேன். "மேல இருக்கிற சொல் பி-யில தொடங்குதோ, வி-யில தொடங்குதோ?" என்றார். பி. 'பெர்த்' என்றால் தொலைந்தது. 'வொல்' என்றால் திருட்டு. அண்ணனே அதிகாரியிடம் பிரெஞ்சில் பேசினார். அதிகாரி தலையாட்டி, நடந்ததைத் திரும்பக் கேட்டு, புதிதாக அடித்துக் கொடுத்தார். அண்ணன் வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் கையெழுத்திட்டேன். என் பயணக் காப்பீடு திருட்டுக்கு மட்டும்தான் பணம் தரும். அந்த ஒரு சொல் மாறாமல் இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது.

திருடனைப் பிடிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்தத் தாள்தான் வேண்டும். மறுநாள் இந்தியத் தூதரகத்தில் முதலில் கேட்டது அதைத்தான். பழைய பாஸ்போர்ட்டின் நகல் மெயிலில் இருந்ததால் வேலை சுலபமானது. எமர்ஜென்சி சர்டிஃபிகேட் கொடுத்தார்கள். அது இந்தியா திரும்ப மட்டும்தான் செல்லும் என்பதால் சுவிட்சர்லாந்துப் பயணத்தைக் கைவிட்டோம். நடுவில் விமானம் மாறும் நாட்டில் அது செல்லுமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொண்டோம். ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவும் பாஸ்போர்ட்டோடு போயிருந்ததால், விமான நிலையத்தில் எல்லைப் போலீஸும் அதே தாளைத்தான் வாங்கிப் பார்த்தார்கள்.

கிளம்பும் முன் இன்னொன்றும் நடந்தது. சாக்ரே கேர் தேவாலயப் படிக்கட்டில் சாதாரண உடையில் இருவர் வந்து, போலீஸ் என்று ஒரு அட்டையைக் கண்ணில் காட்டிவிட்டு மடக்கினார்கள். பர்ஸைத் திறந்து பணத்தைக் காட்டச் சொன்னார்கள். நிஜப் போலீஸ் பணத்தை எண்ணிப் பார்க்கமாட்டார்கள் என்று அண்ணன் சொல்லியிருந்தார். "ஸ்டேஷனுக்குப் போகலாம், அங்கே காட்டுகிறேன்" என்று சத்தமாகச் சொன்னேன். இருவரும் கூட்டத்தில் கலந்துவிட்டார்கள்.

சென்னையில் சாலிகிராமம் பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் 3,000 ரூபாய் கட்டணம், பிரமாணப் பத்திரம், கூடவே அதே பிரெஞ்சுத் தாள். புதுப் பாஸ்போர்ட் வந்த அன்று அதன் அட்டையைப் படமெடுத்து அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

"நல்லது தம்பி. அந்தக் களவுப் பேப்பரை மட்டும் எறிஞ்சு போடாதையுங்கோ. அடுத்த விசாவுக்கும் கேப்பினம்."