ஏற்காட்டு மண்ணும் சைபீரியக் காடும்

சேலத்தில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். விவசாயிகள் தழை, மணி, சாம்பல் சத்தைத்தான் கேட்பார்கள். எனக்குப் பிடித்தது அங்ககக் கரிமம், அதாவது சருகும் வேரும் மக்கி மண்ணில் சேர்ந்த கார்பன், எவ்வளவு என்று பார்க்கிற வேலை. குடுவையில் ஒரு கிராம் மண், பொட்டாசியம் டைகுரோமேட், மேலே அடர் கந்தக அமிலம். குடுவை கை பொறுக்காத அளவுக்குச் சுடும். அரை மணி நேரம் ஆறவிட்டு, தண்ணீரும் நிறங்காட்டியும் சேர்த்து, பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து இரும்பு உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் ஊதா நிறம் ஒரே சொட்டில் பளிச்சென்று பச்சையாகும். ஓமலூர், தாரமங்கலம் பக்கத்துச் செம்மண்ணில் கரிமம் அரை சதவீதத்தைத் தொட்டாலே பெரிய விஷயம். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்து மண்ணில் அதே ஒரு கிராமைப் போட்டால், அத்தனை கரிமத்தோடு வினைபுரிந்து டைகுரோமேட் முழுக்கத் தீர்ந்து முதலிலேயே பச்சையாகிவிடும். பாதி எடை போட்டுத் திரும்பச் செய்ய வேண்டும்.

மலையேறினால் நிழல், ஈரம், சருகு எல்லாமே கூடுகிறது. ஆனால் முக்கியமான காரணம் குளிர் என்பேன். வெயிலில் நுண்ணுயிர்கள் சருகை மளமளவென்று தின்று கரியமில வாயுவாக விட்டுவிடும். குளிரில் நிதானமாகத் தின்னும்.

இதே கணக்கின் உச்சம்தான் ரஷ்யா, அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா எனப் பரந்திருக்கும் ஊசியிலைக் காடு. உலகக் காட்டுப் பரப்பில் கால் பங்குக்கும் மேல் அதுதான். வெப்பமண்டலக் காட்டின் கரிமத்தில் பாதிக்கு மேல் உயிரோடு நிற்கும் மரங்களில் இருக்கிறது. வடக்கே மரங்களில் ஐந்தில் ஒரு பங்குதான். 60 சதவீதம் மண்ணில். பாசியும் ஊசியிலையும் மக்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தது அது. இன்னும் வடக்கே போனால், வருடம் முழுக்க உறைந்தே கிடக்கும் உறைமண் பகுதிகளில் மட்டும் காற்றுமண்டலத்தில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரிமம். எல்லாமே குளிரை நம்பித்தான் இருக்கிறது.

அந்தக் குளிர் இப்போது குறைகிறது. 2023ல் கனடாவில் ஏறத்தாழ 1.5 கோடி ஹெக்டேர் எரிந்தது. அந்தத் தீயில் வெளியான கரிமம், சீனா, அமெரிக்கா, இந்தியா தவிர வேறு எந்த நாடும் ஒரு வருடத்தில் எரிபொருள் எரித்து வெளியிடுவதைவிட அதிகம். மரம் எரிந்ததைத்தான் படங்களில் பார்த்தோம். என்னை உலுக்கியது கீழே நடப்பது. சருகுப் படுகைக்குள் புகுந்த தீ பனிக்கு அடியிலேயே குளிர்காலம் முழுக்கக் கனன்று, வசந்தத்தில் திரும்ப எழுவதும் உண்டு. காடு திரும்ப முளைத்துவிடும், சரி. ஆனால் அந்தப் படுகை சேர நூற்றாண்டுகள் ஆகும்.

மரம் நட்டால் போதும் என்று வருகிறவர்களிடம் இன்னொன்றும் சொல்வேன். எங்கே நடுகிறோம் என்பது முக்கியம். வெட்டவெளிப் பனி சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். கரும்பச்சை ஊசியிலை மரங்கள் அதை உறிஞ்சிச் சூடாகும். பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனப் பேராசிரியரான கோவிந்தசாமி பாலா, சக ஆய்வாளர்களுடன் 2007ல் கணினி மாதிரியில் இதைக் கணக்கிட்டார். வடக்கத்திய ஊசியிலைக் காட்டை அழித்தால் மொத்தத்தில் குளிர்ச்சியும், வெப்பமண்டலக் காட்டை அழித்தால் சூடும் வந்தது. வடக்கே வெட்டலாம் என்று இதற்கு அர்த்தமில்லை. நம் சேர்வராயன் மலை மரமோ கரிமத்தையும் பிடிக்கிறது, நீராவி விட்டுக் காற்றையும் குளிர்விக்கிறது. இங்கே ஒரு மரத்துக்கு இரட்டை வேலை.

ஏற்காட்டிலிருந்து வரும் ஒரு சிறு விவசாயி, "சில்வர் ஓக் சருகு மக்கவே மாட்டேங்குதுங்க சார், கூட்டிக் கொளுத்திடட்டுங்களா?" என்றார். "வேண்டாங்கண்ணா, மிளகுக் கொடி அடியில போட்டு மூடுங்க. மெதுவா மக்கறதுதான் நல்லது" என்றேன். மாசியில் மலையடிவாரம் காய்ந்து கிடக்கையில் தீ வைப்பது வேறு ஆபத்து.

மாதிரி எடுக்கும்போது மேல் சருகை ஒதுக்கிவிட்டு 'வி' வடிவக் குழி வெட்டுவது வழக்கம். ஏற்காட்டுக்காரர்களிடம் மட்டும், ஓரடிக்கு ஓரடி இடத்துச் சருகைத் தனிப் பையில் கொண்டுவரச் சொல்கிறேன். காயவைத்து எடை போட்டு, மண்வள அட்டையில் அதற்கு இடமில்லாததால் பின்பக்கம் எழுதிக் கொடுக்கிறேன்.