மண்டபம் பார்க்கப் போனால் முதலில் பந்திக்கூடத்தைப் பாருங்கள்

நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு இரு வீட்டாரும் எங்களிடம் கேட்கத் தொடங்கிய கேள்வி, கல்யாணத்தை எந்த மண்டபத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான். என் வீடு போடிநாயக்கனூரில் இருக்கிறது. நான் மணக்கப்போகிறவர் இருக்கிறாரே, அவருடைய வீடு புதுக்கோட்டையில். நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது சென்னையில். அம்மாவின் கல்யாணம் ஊரில் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு நடந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் நடந்து வரும் தூரத்தில் இருந்தார்கள். எங்கள் கல்யாணத்துக்கு வர வேண்டியவர்களோ மூன்று ஊர்களில் பரவிக் கிடக்கிறார்கள். போடியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர், புதுக்கோட்டையிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர், சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம் என்பதால், மதுரையில் நடத்துவது என்று இரு வீட்டிலும் ஒப்புக்கொண்டார்கள். மண்டபத்தைப் பார்த்து முடிவு செய்யும் பொறுப்பை எங்கள் இருவரிடமே விட்டார்கள். அதற்காக நாங்கள் பெரியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

எந்த மண்டபத்துக்குப் போனாலும் மேலாளர் முதலில் அழைத்துச் சென்று காட்டியது மேடையைத்தான். எத்தனை அடி அகலம், எத்தனை விளக்குகள், பூ அலங்காரத்துக்கு எத்தனை மாதிரிகள், கூரையில் தொங்கும் சரவிளக்கு எங்கிருந்து வந்தது என்றெல்லாம் சொன்ன பிறகு, நாங்கள் கேட்டால் மட்டுமே சாப்பாட்டுக் கூடத்தின் கதவு திறந்தது. சில இடங்களைப் பார்த்த பிறகு நாங்கள் வரிசையை மாற்றிக்கொண்டோம். முதலில் சமையற்கட்டு, அடுத்து பந்திக்கூடம், பிறகு கழிப்பறையும் படிக்கட்டும், கடைசியாக மேடை என்று பார்க்கத் தொடங்கியபோது, எங்களுக்குத் தேவையான மண்டபம் எது என்பது தானாகவே தெளிவாயிற்று. கல்யாணத்துக்கு வந்து போகிறவர் மேடையில் நிற்பது ஒரு நிமிடம். இலை முன்னால் உட்கார்ந்திருப்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை அவர் நிம்மதியாகக் கழித்தாரா என்பதுதான் ஒரு மண்டபத்தைப் பற்றிய முதல் கேள்வி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்கு ஓர் எளிய கணக்கு இருக்கிறது. காலை முகூர்த்தத்துக்கு 800 பேர் சாப்பிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். இலை போட்டு, தண்ணீர் வைத்து, இனிப்பில் தொடங்கி மோர் வரை பரிமாறி, சாப்பிட்டவர்கள் எழுந்த பின் இலைகளை எடுத்து மேசையைத் துடைத்து அடுத்த இலை போடுவதற்கு ஒரு பந்திக்கு 40 நிமிடங்களாவது ஆகும். மேலே 1,000 நாற்காலிகள் போடக்கூடிய அரங்கமும் கீழே 150 இலை மட்டுமே போடக்கூடிய கூடமும் உள்ள மண்டபத்தில் இந்த 800 பேருக்கும் பரிமாற ஆறு பந்திகள் ஆகும். அதாவது நான்கு மணி நேரம். பத்தே முக்காலுக்கு முதல் பந்தி தொடங்கினால் கடைசி ஆள் கை கழுவும்போது மணி இரண்டே முக்கால் ஆகியிருக்கும். மண்டபத்தைக் காலி செய்யச் சொல்லி ஆட்கள் வந்து நின்றுகொண்டிருப்பார்கள். அதே 800 பேருக்கு 300 இலை போடும் கூடம் இருந்தால் மூன்று பந்திகளில், இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். சாப்பிடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு அடுத்தவர் நிற்கும் காட்சியை நாம் எல்லோரும் பல கல்யாணங்களில் பார்த்திருக்கிறோம். யாருக்கும் மரியாதைக் குறைவு செய்ய வேண்டும் என்று எந்த வீட்டாரும் நினைப்பதில்லை. அரங்கத்தின் அளவைப் பார்த்து மண்டபம் பிடிப்பதால்தான் அது நேர்கிறது.

பந்திக்கூடத்தின் அளவைப் போலவே, சமையற்கட்டிலிருந்து அதற்கு வரும் வழியும் முக்கியமானது. சமையல் ஒரு தளத்திலும் பந்தி வேறு தளத்திலும் இருக்கும் மண்டபங்களில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறும் பையன்களைப் பார்த்தோம். அவர்களின் நிலை ஒருபுறம் இருக்க, சோறு ஆறிப்போவதும் ரசம் இலைக்கு வருவதற்குள் மோருக்கு ஆள் காத்திருப்பதும் அதனால்தான். அண்டாக்களைக் கழுவும் இடத்தில் தண்ணீர் எப்படி வருகிறது, ஆழ்துளைக் கிணறு கோடையில் கை கொடுக்குமா அல்லது லாரித் தண்ணீர்தானா, கை கழுவும் குழாய்கள் எத்தனை, எச்சில் இலை எந்த வாசல் வழியாக வெளியேறுகிறது என்று அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை உள்ளது. மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் அந்தத் தடைக்குள் வருகிறது. அப்படியிருந்தும் அதையே விரித்து வைத்திருந்த ஓரிடத்தை நாங்கள் உடனே தவிர்த்துவிட்டோம். வாழை இலையைத் துடைத்த மேசையில் நேராகப் போட்டால் போதும்.

மண்டபத்தை ஆளில்லாத நாளில் பார்த்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஆகவே, முடிந்தால் ஒரு முகூர்த்த நாளில், வேறொருவர் கல்யாணம் நடந்துகொண்டிருக்கும்போது, அவர்களுக்குத் தொந்தரவில்லாமல் மேலாளரின் அனுமதியோடு ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். குளிர்சாதன அரங்கத்தில் ஓமப் புகை எங்கே போகிறது, கூட்டம் நிறைந்த பிறகு குளிர் இருக்கிறதா, பதினொரு மணிக்குக் கழிப்பறை எந்த நிலையில் இருக்கிறது, வாசலில் வண்டிகள் எப்படித் திணறுகின்றன என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சில மண்டபங்களில் ஓமம் வளர்க்கவே தயங்குகிறார்கள், அல்லது மிகச் சிறிய குண்டத்தில் பெயரளவுக்கு வளர்க்கச் சொல்கிறார்கள். சடங்கு முக்கியம் என்று கருதும் வீட்டார் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட வேண்டும்.

படிக்கட்டைப் பற்றி நான் கூடுதலாகச் சொல்ல விரும்புகிறேன். என் அப்பத்தாவுக்கு மூட்டுவலி. நான் மணக்கப்போகிறவரின் பெரியப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. மின்தூக்கி இருக்கிறது என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள், ஆனால் நான்கு பேர் நிற்கும் ஒரே மின்தூக்கியில் சமையல் பாத்திரமும் பூக்கூடையும் ஏறிக்கொண்டிருந்தால் பெரியவர்கள் எப்போது ஏறுவது? தாலி கட்டும் இடமும் சாப்பிடும் இடமும் ஒரே தளத்தில் இருக்க வேண்டும், இயலாவிட்டால் சாய்வுப் பாதையாவது இருக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். இது வசதி சார்ந்த விஷயம் மட்டுமல்ல. ஸ்ரீரங்கத்தில் 2004 ஜனவரி 23 அன்று ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அந்தச் செய்தியை அறிந்த ஒருவர் குறுகலான ஒற்றைப் படிக்கட்டுள்ள மாடி மண்டபத்தை வாடகை குறைவு என்பதற்காகப் பிடிக்க மாட்டார். வெளியேறும் வழிகள் எத்தனை, அவற்றில் எவை பூட்டிக் கிடக்கின்றன, தீயணைப்புத் துறையின் சான்று நடப்பில் இருக்கிறதா என்று கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை. கேட்டதும் சான்றை எடுத்துக் காட்டிய மேலாளர்கள் மீது எங்களுக்கு மதிப்புக் கூடியது.

மதுரையில் மண்டபம் பிடிப்பவர்கள் பேருந்து நிலையத்தை மறக்கக் கூடாது. தேனிப் பக்கத்துப் பேருந்துகள் ஆரப்பாளையத்தில் நிற்கும்; புதுக்கோட்டை, திருச்சி, சென்னைப் பேருந்துகள் மாட்டுத்தாவணியில் நிற்கும். இரண்டுக்கும் இடையில் வைகையும் நகரத்தின் நெரிசலும் இருக்கின்றன. என் சொந்தங்களுக்கு அருகில் பிடித்தால் அவருடைய சொந்தங்கள் அலைய வேண்டும். அவர்களுக்கு அருகில் பிடித்தால் எங்களவர்கள் அலைய வேண்டும். போடிக்கு 2023 ஜூன் முதல் மீண்டும் ரயில் ஓடுகிறது என்றாலும், அதன் நேரம் காலை முகூர்த்தத்துக்கு ஒத்துவராது. போடியிலிருந்து வேன் பேசிக்கொண்டு வருவார்கள், புதுக்கோட்டையிலிருந்து தனித்தனியாகப் பேருந்தில் வருகிறவர்களே அதிகம் என்று வீட்டில் விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகு, மாட்டுத்தாவணிப் பக்கம் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வேன்கள் நிறுத்த இடம் இருந்தால் என் பக்கத்துக்குக் குறையில்லை. வருகிறவர்கள் எப்படி வருகிறார்கள் என்று விசாரிக்காமல் வரைபடத்தைப் பார்த்து நடுவில் ஒரு புள்ளி வைத்திருந்தால், இருவருக்குமே ஆட்டோச் செலவுதான் மிஞ்சியிருக்கும்.

நாள் குறிப்பதும் மண்டபம் பிடிப்பதும் ஒன்றையொன்று சார்ந்தவை. மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் தை பிறந்ததும் வளர்பிறை முகூர்த்தங்களுக்குப் போட்டி தொடங்கிவிடுகிறது; ஞாயிற்றுக்கிழமையும் வளர்பிறை முகூர்த்தமும் சேர்ந்து வந்தால் நல்ல மண்டபங்கள் பல மாதங்களுக்கு முன்பே நிறைந்துவிடுகின்றன. சோதிடரிடம் ஒரே நாளைக் கேட்காமல் மூன்று நான்கு நாள்களைக் குறித்து வாங்கிக்கொண்டோம். அவற்றில் ஒன்று திங்கட்கிழமை. வேலை நாளாயிற்றே என்று வீட்டில் தயங்கினார்கள். ஆனால் மண்டபம் பெரும்பாலும் முதல் நாள் பிற்பகலிலிருந்து மறுநாள் பிற்பகல் வரை கிடைப்பதால், திங்கள் காலை முகூர்த்தம் என்றால் வரவேற்பு ஞாயிறு மாலையில் வரும். விடுப்பு எடுக்க இயலாத நண்பர்கள் அனைவரும் ஞாயிறு மாலையில் வந்துவிட்டுப் போகலாம். தாலி கட்டும்போது உடனிருக்க வேண்டிய சொந்தங்கள் இரவு தங்குவார்கள். மேலும் அந்த நாளுக்கு எங்களுக்குப் பிடித்த மண்டபம் காலியாக இருந்தது. சித்திரையில் வைக்கலாம் என்று சொன்னவர்களிடம் மட்டும் மறுத்துவிட்டோம். மீனாட்சி திருக்கல்யாணமும் தேரோட்டமும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாள்களில் மதுரை முழுவதும் திருவிழாக் கூட்டம் நிறைந்திருக்கும். வெளியூர்ச் சொந்தங்களுக்கு அப்போது தங்கும் அறை கிடைப்பதே அரிது.

திருப்பரங்குன்றத்தில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு மட்டும் வைக்கலாம் என்பது அவருடைய அம்மாவின் விருப்பமாக இருந்தது. முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் அந்த ஆசையில் நியாயம் இருக்கிறது. ஆனால் முகூர்த்த நாளில் அங்கே பல ஜோடிகளுக்கு அடுத்தடுத்துக் கல்யாணம் நடக்கும். வந்தவர்கள் அனைவரும் கண்ணால் பார்க்க இயலாது. பிறகு அங்கிருந்து நகரத்தின் மறுகோடிக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு முன் முதல் பத்திரிகையை முருகன் சந்நிதியில் வைத்து வணங்கிவிட்டு, தாலியை எல்லோர் முன்னிலையிலும் மண்டபத்திலேயே கட்டுவது என்று அத்தையிடம் பேசினோம். அவர் மனமுவந்து ஒப்புக்கொண்டார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் மொய் எழுதும் இடத்துக்கும் தாய்மாமன் சீருக்கும் தனி முக்கியத்துவம் உண்டு. சீர்த்தட்டுகளோடு மேளம் முழங்க மாமன் வீட்டார் வந்து சேர வேண்டும். அதற்கு நடந்து வரும் தூரத்தில் ஒரு பிள்ளையார் கோயிலாவது இருக்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்புக்கும் அதுவே பயன்படும். நெடுஞ்சாலையை ஒட்டிய புது மண்டபங்களில் இந்த ஊர்வலத்துக்கு வழியே இல்லை. லாரிகளுக்கு நடுவில் தட்டு ஏந்திய பெண்களை நடக்க விடுவதை எங்களால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மொய் மேசை இரண்டு போட வேண்டும், அரங்கத்திலிருந்து பந்திக்குப் போகும் வழியில் ஒதுக்குப்புறமாக இருக்க வேண்டும் என்பது தாய்மாமனின் ஆலோசனை. வாசலில் போட்டால் வரவேற்கும் இடத்தில் வரிசை நின்றுவிடும் என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி.

பணத்தைப் பொறுத்தவரை, சொல்லும் வாடகையும் முடிவில் கொடுக்கும் தொகையும் வெவ்வேறானவை. வாடகைக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் ரூபாய் என்றால் வரி மட்டும் 18,000 ரூபாய். மின்சாரத்துக்கு மீட்டர் ஓடும் கணக்கில் தனி, ஜெனரேட்டர் ஓடினால் டீசல் தனி, துப்புரவுக்குத் தனி, கூடுதல் அறைகளுக்குத் தனி. சில இடங்களில் அவர்களுடைய அலங்காரக்காரரையும் சமையல்காரரையும்தான் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியாளை அழைத்தால் அதற்கும் ஒரு கட்டணம். போடியிலிருந்து எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்த சமையல்காரர் வருவார் என்பதை நாங்கள் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லாததால், மிக அழகான ஒரு மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இதில் எனக்கு வருத்தமில்லை. செலவை இரு வீட்டாரும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வது என்று முதலிலேயே பேசியிருந்ததால், ஒவ்வொரு இடத்தின் முழுத் தொகையையும் எழுதி இரு வீட்டுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினோம். யார் வீட்டுக்கு எது தெரியும், எது தெரியாது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று.

முடிவாக நாங்கள் பிடித்தது மாட்டுத்தாவணியிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள, தரைத்தளத்திலேயே அரங்கமும் 300 இலை போடும் கூடமும் உள்ள ஒரு பழைய மண்டபம். மேடை சிறியது. சரவிளக்கு இல்லை. பின்புறம் வேப்பமர நிழலில் விசாலமான சமையற்கட்டு இருக்கிறது. முன்பணம் கட்டும்போது, எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, எத்தனை அறைகள், எத்தனை நாற்காலிகள், மின்சாரத்துக்கு யூனிட் எவ்வளவு, தேதி மாறினால் எவ்வளவு திருப்பித் தருவார்கள், பாதுகாப்பு வைப்புத் தொகை எப்போது திரும்பும் என்ற அனைத்தையும் ரசீதின் பின்புறம் எழுதிக் கையொப்பம் வாங்கிக்கொண்டோம். திருமணத்தைப் பதிவு செய்யும்போதும் உதவக்கூடும் என்று இருவரின் முழுப் பெயர்களையும் ரசீதில் பிழையின்றி எழுதச் சொன்னார் அவர். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி இருப்பதால், ஞாயிறு மாலைப் பாட்டுக் கச்சேரியை ஆறு மணிக்கே தொடங்குவதாகக் குழுவினரிடம் சொல்லியிருக்கிறோம். அடுத்த வாரம் சமையல்காரரை மண்டபத்துக்கு அழைத்துச் சென்று அடுப்புகளையும் அண்டாக்களையும் காட்டப் போகிறோம்.